எண்ணூறு புள்ளிக்குப் பெறாதவன்

முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில், ஒலிவாங்கி இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்கும்படி அவர் என்னைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"பெறாது!"

சொன்னவர் எனக்கு எதிரி இல்லை. எங்கள் அணியின் மேசையில், எங்கள் கெப்டனுக்குப் பக்கத்துக் கதிரையில், எங்கள் காசில் வாங்கிய ஃபலூடாவைக் குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆள். சாய்ந்தமருது முழுவதும் அவரை, மூத்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல், காக்கா என்றுதான் கூப்பிடும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

அது எங்கள் கரையோரப் பகுதியின் மென்பந்து கிரிக்கெட் லீக்குக்கு வீரர்களை ஏலம் விட்ட நாள். ஆறு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் இரண்டாயிரம் புள்ளி. காசு கைமாறுவதில்லை, புள்ளிதான். ஆனால் அந்தப் புள்ளிக்காக எங்கள் ஊர்களில் மாமனும் மருமகனும் ஆறு மாதம் கதைக்காமல் இருந்த கதைகள் உண்டு. திரையில் என் படம் விழுந்தபோது மண்டபமே விசிலடித்தது. அந்த வருடம் நடந்த கழகச் சுற்றுப்போட்டிகளில் மட்டும் நான் அடித்த சிக்ஸர்களால் எத்தனையோ பந்துகள் கடலோடு போயிருந்தன. கல்முனை பஸாரில் ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டுமுன் கையை நீட்டினார்கள். ஆகவே எங்கள் அணி என்னை விடாது என்று நான் நம்பியிருந்தேன். உம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

என் ஆரம்ப விலை நூறு. எங்கள் கெப்டன், என் சொந்த மச்சான் ரிஸ்வான், இருநூற்றைம்பது வரை கையைத் தூக்கினான். பிறகு காக்காவைப் பார்த்தான். அவர் ஃபலூடாக் கரண்டியை ஆட்டியபடி அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தவும் இல்லை.

"இது பொடியன்ட விலை இல்ல, கச்சான்ட விலை. கச்சான் காத்து முதுகில இருந்து தள்ளக்குள்ள ஆருக்கும் கடலுக்க அடிக்கலாம். லீக் வாடைக் காத்துக்க நடக்கப்போவுது. அப்ப இவன் என்ன செய்யிற?"

மண்டபம் சிரித்தது. ரிஸ்வான் கையை இறக்கினான். மற்ற ஐந்து மேசைகளும் வாயை மூடிக்கொள்ளும் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் மருதமுனை அணியின் முதலாளி, சாரி வியாபாரி, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முந்நூறு என்றார். இன்னொரு மேசை நானூறு என்றது. எங்கள் ரிஸ்வான் பதறி நானூற்றைம்பது என்றான். காக்கா அவன் தொடையில் கிள்ளினார். கடைசியில் எண்ணூறுக்கு நான் மருதமுனைக்குப் போனேன். அன்றைய ஏலத்தின் உச்ச விலை நான்தான். ஆனாலும் வீட்டுக்கு வரும்போது என் காதில் கேட்டது எண்ணூறு இல்லை. உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டறிந்தார்.

"அந்தாள் என்னத்தக் கண்டு என்ட புள்ளையப் பெறாதெண்டு சொன்னவர்? அவர்ட வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லையா இந்த ஊருல?"

அடுத்த பெருநாளைக்கு எங்கள் வீட்டில் செய்து அவர் வீட்டுக்குப் போகவேண்டிய வட்டிலாப்ப இனிப்பு போகவில்லை.

காக்கா என்ஜின் மெக்கானிக். படகு என்ஜின், மோட்டார் சைக்கிள், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாம் அவர் பட்டறைக்கு வரும். ஆனால் திருத்திச் சம்பாதித்ததைவிட, பழைய சாமான் வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய்த்தான் அவர் பெயர் எடுத்திருந்தார். சாகாமத்தில் ஒரு பம்பு விலைக்கு வந்தாலும், நற்பிட்டிமுனையில் ஒரு சைக்கிள் விலைக்கு வந்தாலும், "காக்காவக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அவர் போனதும் முதலில் சாமானைப் பார்க்கமாட்டார். என்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் திரும்பி நடப்பார். "நம்ம வரமுந்தி ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சிரிக்கான். குளிருக்க ஸ்டார்ட் ஆகாத சாமான்." விற்கிறவர் வீட்டில் தேத்தண்ணியும் குடிக்கமாட்டார். குடித்தால் வாய் இரங்கிவிடுமாம்.

வாப்பா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். காக்கா அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். பிறகு தொடங்கினார். செயின் போய்விட்டது என்றார். சத்தத்தைக் கேட்டு, இது இருமுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதை வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றார். சீட்டைத் தடவி, இதில் ஏறி உட்கார்ந்தவர்களையெல்லாம் நினைத்தாலே பாவமாக இருக்கிறது என்றார். விற்கிற மனிசன் கண் கலங்கி விலையைக் குறைத்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் காக்கா பின் சீட்டில் இருந்து வாப்பாவின் தோளில் தட்டினார்.

"தங்கம் ஹாஜியார், தங்கம்! இன்னும் பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவல்ல."

அந்தச் சைக்கிள் இன்றும் ஓடுகிறது. மூளை இருந்திருந்தால் அன்றைக்கே எனக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. சிக்ஸர் அடிக்கிறவனுக்கு மூளை எதற்கு!

அவர் எதையும் விலை போடாமல் விட்டதில்லை. கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், இறைச்சியை நடுவில் குவித்திருக்கிறானா, சோற்றுக்கு அடியில் ஒளித்திருக்கிறானா என்று கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் பிஸ்மி சொல்வார். வெள்ளிக்கிழமைக் குத்பா முடிந்து வெளியே வந்தால், "இண்டைக்கு அரை மணித்தியாலம் பெறும், மிச்சம் பதினஞ்சு நிமிசம் சும்மா" என்பார். மகள் சாதாரண தரப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தபோது பட்டறைக்கு வந்து வாழ்த்தியவர்களிடம், "ஓம், ஏதோ எழுதியிரிக்காள், சும்மா" என்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்று திருத்த வந்த ஒருவரிடமும் கூலி வாங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் தன் வாழ்நாளில் ஒரு பந்தைத் தொட்டதில்லை. ஆனால் மைதானத்தில் ஒரு பழைய என்ஜின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால், அடித்தவனைப் பார்க்கமாட்டார். பந்து இல்லாத பக்கம் நிற்கிறவனைப் பார்ப்பார். அப்படிப் பார்த்துத்தான் அந்த ஏலத்தில் யாருமே கேட்காத ஒருவரை அவருடைய ஆரம்ப விலையான நாற்பது புள்ளிக்கே எடுத்தார். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவி. வயது நாற்பதுக்குக் கிட்ட. அதற்கும் மண்டபம் சிரித்தது. "சிரிங்கடா சிரிங்க" என்றார். "மூணு மெச் பாத்திரிக்கன். அந்த மனிசனத் தாண்டி ஒரு பந்து போகல்ல. ஓடி வாறதும் இல்ல, பந்து வாற இடத்தில முதலே நிக்கிறார்." இத்தனை நல்ல வார்த்தை மௌலவிக்கு! எனக்கு மட்டும் கச்சான்! எரிச்சலில் அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

லீக் தொடங்கியது தை மாதத்தில். மழை விட்டு, கடல் இன்னும் கலங்கலாக இருந்தது. வாடை கடலில் இருந்து நேரே மைதானத்துக்குள் வீசியது. எங்கள் மைதானத்தில் ஒரே முனையில் இருந்துதான் பந்து போடுவார்கள். துடுப்பெடுத்து நின்றால் இடது கைப் பக்கம் கடல், வலது கைப் பக்கம் ரோட்டும் மதிலும். என் பக்கம் எப்போதும் கடல்தான். ஊரே அதைப் பார்க்கத்தான் வரும். முதல் மெச்சில் இரண்டாவது பந்தைக் கடலுக்குத் தூக்கினேன். அடித்த அடி எனக்குத் தெரியும், நல்ல அடி. பந்து எழும்பியது. எல்லைக் கோட்டுக்கு மேலே போய் நின்றது. நின்று யோசித்தது. பிறகு திரும்பி வந்து ஒருவன் கையில் விழுந்தது.

கூட்டத்தில் எவனோ ஒருவன் கத்தினான்: "எண்ணூறு!"

அதற்குப் பிறகு அதுதான் என் பெயர். இரண்டாவது மெச்சில் நான்கு ஓட்டம். மூன்றாவதில் ஒன்றுமில்லை. கடைக்கு வந்தவர்கள் கையை நீட்டவில்லை, போனை நீட்டிவிட்டு, "எண்ணூறு, இதுக்கு டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு?" என்றார்கள். மருதமுனை அணி மற்றவர்களின் ஆட்டத்தால் வென்றுகொண்டே போனது. நான் மட்டும் அவர்களுக்குச் சுமை. அந்த நாட்களில்தான் கொழும்பில் ஒரு கம்பனி தன் கிரிக்கெட் அணிக்கு ஆள் தேடுகிறது, வேலையும் கொடுத்து ஒப்பந்தமும் எழுதி எடுப்பார்கள், இறுதிப்போட்டி பார்க்க அவர்களின் மேனேஜர் வருகிறார் என்று கதை வந்தது. போன் கடை மேசைக்குப் பின்னால் என் காலம் முழுவதும் கழியப்போகிறதா இல்லையா என்பது அந்த ஒரு மெச்சில் இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இறுதிப்போட்டிக்கு இரண்டு நாள் முன் மருதமுனை முதலாளியிடம் போனேன். என்னால் உங்கள் புள்ளி வீணாகப் போயிற்று, என்னை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். மனிசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் ஒன்ட ஆட்டத்தப் பாத்தா எண்ணூறு போட்டன்? அந்தக் காக்கா பெறாதெண்டு கத்தினதப் பாத்துத்தான் போட்டன். என்ட பழைய வேன அவர் முந்தி இப்பிடித்தான் பெறாது, பெறாதெண்டு சொல்லிக் குறைச்சி எடுத்தவர். இன்னமும் ஓட்டுறார். அவருக்கு ஒரு சாமான் வேணாமெண்டா வாயத் திறக்கமாட்டாரு. கத்தினா, மனிசனுக்கு அது வேணும்."

நான் அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். நடந்து போனேனா ஓடிப் போனேனா என்று தெரியாது. காக்கா ஒரு படகு என்ஜினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார்.

"காக்கா, என்னப் பெறாதெண்டு சொன்னது பொய்யா?"

அவர் நிமிரவில்லை. "பொய்தான்."

"அப்ப கச்சான், வாடை?"

"அதும் அந்த இடத்தில கட்டின கதைதான். சாமான் வாங்கப் போனா ஏதாச்சும் ஒரு குறை சொல்லோணுமே. ஒன்னில எனக்கு ஒண்டும் ஆம்புடல்ல. வெளிய பாத்தன், காத்தடிச்சிது. காத்தச் சொன்னன்."

"அது உண்மையாப் போச்சே!"

"ஓம்டா" என்று அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு களவு பிடிபட்ட சிரிப்பு. "அது எனக்கே தெரியா. மொத மெச்சில பந்து திரும்பி வந்திச்சே, நான் பெட்டியில இருந்து விழப் பாத்தன். பொய் சொன்னதுக்கு அல்லாஹ் என்னப் பிடிச்சிட்டான் எண்டு நினைச்சன்."

ஒரு சாமானை நேருக்கு நேர் பேரம் பேசி வாங்கியே பழகிய மனிசன். விற்கிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன். குறை சொன்னால் விலை இறங்கும். ஏலத்தில் இன்னும் ஐந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதும், அந்த ஐந்து பேருக்கும் தன் குணம் மனப்பாடம் என்பதும் அவருக்கு அந்த வயதிலும் தெரியவில்லை. முந்நூறுக்கு அமுக்கிவிடலாம் என்று நினைத்துத் தன் வாயாலேயே என்னை எண்ணூறுக்கு ஏற்றிவிட்டார். நான் கோபப்படத்தான் போனேன். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம், கிறீஸ் கையோடு அவர் கண்ணைத் துடைத்துக் கன்னமெல்லாம் கறுப்பு.

இறுதிப்போட்டி மருதமுனைக்கும் எங்கள் ஊருக்கும். எங்கள் ஊர் என்றால் சாய்ந்தமருது. அதாவது என் ஊருக்கு எதிராக நான். எழுபத்தெட்டு எடுத்தால் வெற்றி. இரண்டு விக்கெட் விழுந்ததும் நான் இறங்கினேன். வாடை முகத்தில் உப்பை அள்ளி வீசியது. "எண்ணூறு! எண்ணூறு!" என்று ஊர் முழுக்கக் கத்தியது. கடல் பக்கம் ஐந்து பேரை நிறுத்தியிருந்தான் ரிஸ்வான். ரோட்டுப் பக்கம் ஒரே ஒருவன். அப்போது பார்த்து எனக்குள் ஏதோ திறந்தது. காக்கா கட்டிய பொய்யையே நான் திருப்பிப் பிடித்தேன். வாடை கடலில் இருந்து ரோட்டுக்கு வீசுகிறது. அப்படியென்றால் இன்றைக்குக் காற்று ரோட்டுப் பக்கம் அடிக்கிறவனுடைய ஆள்!

காலை மாற்றி வைத்தேன். முதல் பந்து மதிலில் போய் மோதியது. இரண்டாவது மதிலுக்கு மேலால் போய் ரோட்டில் நின்ற ஆட்டோ ஒன்றின் கூரையில் விழுந்தது. வாழ்நாளில் நான் அந்தப் பக்கம் சிக்ஸர் அடித்ததில்லை. சத்தம் மாறியது. என் ஊர்க்காரர்களே தங்கள் அணியை மறந்துவிட்டு எழும்பி நின்றார்கள். அதே "எண்ணூறு", ஆனால் இப்போது கேலி இல்லை. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் காற்று பந்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனது. எனக்குக் கை கால் எல்லாம் சிரிப்பாக இருந்தது.

கடைசி ஓவர், பதினொரு ஓட்டம். முதல் பந்து ஆறு. அடுத்தது மட்டையில் படவில்லை. மூன்றாவதில் இரண்டு. இன்னும் மூன்று ஓட்டம், மூன்று பந்து. அப்போது எல்லைக்கு வெளியே என்ஜின் பெட்டி கவிழ்கிற சத்தம் கேட்டது. காக்கா எழும்பி நின்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்:

"ரிஸ்வான்! மௌலவிய மதில் பக்கம் போடுடா!"

மௌலவி தாடியைத் தடவியபடி ஆறுதலாக நடந்து மதிலோரம் போய் நின்றார். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் கை அடங்கவில்லை. தூக்கினேன். பந்து அவர் நின்ற இடத்துக்கே போனது. அவர் ஓடவில்லை. இரண்டு கையையும் துஆ கேட்பதுபோல் ஏந்தினார். அவ்வளவுதான். எனக்குப் பின் வந்தவன் ஓர் ஓட்டம் எடுத்தான். ஓர் ஓட்டத்தால் தோற்றோம். நாற்பது புள்ளி எண்ணூறைத் தின்றுவிட்டது.

நான் அடித்தது நாற்பத்து நான்கு. பந்தலுக்கு வரும்போது சாய்ந்தமருதுப் பையன்கள் என்னையும் தூக்கினார்கள், மௌலவியையும் தூக்கினார்கள். காக்கா யாரைப் பார்த்துச் சந்தோஷப்படுவதென்று தெரியாமல் தலையில் தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

கொழும்பு மேனேஜர் அங்கேதான் வந்தார். இந்தப் பொடியனைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். ஊர் வழக்கம்போல் கையைக் காட்டிவிட்டது.

"காக்கா, உண்மையச் சொல்லுங்க. இவர எடுத்தா எங்களுக்குச் சரிவருமா?"

எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் குணம் தெரியும். இந்த மனிசனுக்குத் தெரியாதே! காக்கா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னால், கொழும்பு அப்படியே நம்பிக்கொண்டு காரில் ஏறிப் போய்விடும். ரிஸ்வானும் அதைத்தான் நினைத்தான் போல, அவர் பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுத்தான். காக்கா மேனேஜரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அந்த வார்த்தை வாய் வரை வந்து திரும்பிப் போனதை நான் கண்டேன்.

"பெறும்" என்றார்.

திரும்பவும் சொன்னார். "நல்லாப் பெறும் சேர். குறையும் இரிக்கி, அதையும் சொல்றன். ரெண்டாவது ஓட்டத்துக்குச் சோம்பல். கோவக்காரன். கடசியா அடிச்சானே, அந்த இடத்தில ஆள் நிக்கிறது தெரிஞ்சும் அடிச்சவன். அதெல்லாம் பாத்துத்தான் எடுக்கோணும்."

"அப்ப முதல்ல ஒரு மூணு மாசத்துக்கு எடுத்துப் பாப்பம்" என்றார் மேனேஜர்.

"மூணு மாசம் சரிவராது!" காக்கா ஓரடி முன்னால் வந்தார். வாங்கியே பழகிய மனிசன் விற்க நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "மூணு மாசத்தில ஒரு காத்துத்தான் வரும். கச்சான் ரெண்டு தரம், வாடை ரெண்டு தரம் வந்து போகோணும். அப்பத்தான் பொடியன் என்ன பெறுவான் எண்டு ஒங்களுக்கும் விளங்கும், அவனுக்கும் விளங்கும். ரெண்டு வருசம் எழுதுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு உடோணும். தங்க ஒரு அறை குடுக்கோணும். வேலையும் ஒழுங்கான வேலையா இரிக்கோணும், மேசையில பேர் எழுதின வேலை. இல்லாட்டி நாங்க அனுப்பல்ல."

நாங்கள் அனுப்பவில்லையாம்! நான் அவர் அணியில்கூட இல்லை. மேனேஜர் தலையைச் சொறிந்தார், போனில் யாரிடமோ கதைத்தார், திரும்பி வந்து ஒரு வருடம் என்றார். காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் மறுபடியும் போனில் கதைத்தார். இரண்டு வருடம், அறை, ஜும்ஆ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கை கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க இவருக்கு யார்? வாப்பாவா, மாமாவா?"

"ஒண்டுமில்ல சேர்" என்றார் காக்கா. "இவன ஏலத்தில கைவிட்டுட்ட ஆள் நான்."

மேனேஜர் அதை ஒரு பகிடி என்று எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய்விட்டேன்.